வாதமுற்ற கைக்கு மறுபயிற்சி

பாரிசவாதத்தினாற் பீடிக்கப்பட்ட ஒருவர் சில வாரங்களோ மாதங்களோ படுக்கையிற் கிடந்து, பின்னர் மெல்ல எழுந்து, ஊன்றுகோலின் துணையுடன் நடக்கத் தொடங்குவது பலரும் அறிந்த காட்சியாகும். நடை முன்போல் அமையாவிடினும் கால் தன் கடமையை ஒருவாறு மேற்கொண்டுவிடுகின்றது. அதே பக்கத்துக் கையோ பெரும்பாலும் அவ்வாறு தேறுவதில்லை. முழங்கை மடிந்து, விரல்கள் உள்நோக்கிக் குவிந்து, அது மார்பினருகே ஒதுங்கிக் கிடக்கின்றது. ஒரே நோயினால் ஒரே வேளையில் தாக்கப்பட்ட இரண்டு உறுப்புகளுள் ஒன்று மீளவும் மற்றையது மீளாமற் போவதற்குக் காரணம் யாது?

விடையின் ஒரு பகுதி மூளையின் அமைப்பிலே இருக்கின்றது. மற்றொரு பகுதி, நோயுற்றவர் நாள்தோறும் நடந்துகொள்ளும் முறையிலே இருக்கின்றது. முதற் காரணத்தை எவராலும் எளிதில் மாற்ற இயலாது. இரண்டாவது காரணம் மாற்றத்தக்கது. இதனை நன்கு விளங்கிக்கொண்ட குடும்பத்தில், பயனற்றதெனக் கைவிடப்பட்ட கை மீண்டும் ஒரு குவளையைப் பற்றவும், ஒரு கதவைத் திறக்கவும் கூடும்.

பாரிசவாதம் கையிலோ காலிலோ தோன்றும் நோயன்று. அது மூளையில் நேரும் விபத்து. மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் நாடியொன்று அடைபடும்போது, அல்லது வெடித்துக் குருதி கசியும்போது, அந்நாடியை நம்பியிருந்த மூளைப் பகுதி பழுதுறுகின்றது. மூளையிலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டு செல்லும் நரம்பு நார்களிற் பெரும்பாலானவை, முண்ணாணை அடையுமிடத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடந்து செல்கின்றன. ஆதலின் இடப்பக்க மூளை பழுதுற்றால் வலக்கையும் வலக்காலும் தளர்கின்றன. வலப்பக்க மூளை பழுதுற்றால் இடக்கையும் இடக்காலும் தளர்கின்றன.

கனடாவின் மொன்றியால் நகரிற் பணியாற்றிய வில்டர் பென்பீல்ட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், 1937ஆம் ஆண்டில் எட்வின் போல்ட்ரி என்பவருடன் சேர்ந்து ஓர் ஆய்வினை வெளியிட்டார். மூளையின் மேற்பட்டையில் எப்பகுதி எவ்வுறுப்பினை இயக்குகின்றதென்பதை அவ்வாய்வு எடுத்துக்காட்டியது. உறுப்பின் பருமனுக்கேற்ப அங்கே இடம் ஒதுக்கப்படவில்லை. நுண்தொழில் புரியும் கைக்கும் விரல்களுக்கும் முகத்துக்குமே பெரும்பரப்பு உரியதாயிருந்தது. கைக்கும் முகத்துக்குமுரிய அப்பரப்பின் பெரும்பகுதிக்குக் குருதி வழங்குவது நடு மூளைய நாடியாகும். காலுக்குரிய பரப்புக்குக் குருதி வழங்குவது பெரும்பாலும் வேறொரு நாடி. பாரிசவாதத்தில் அடிக்கடி அடைபடுவதோ நடு மூளைய நாடியே. கை காலினும் மிகுதியாகத் தாக்கப்படுவதற்கு இஃது ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் மிக எளிமையானது. அதனாலேயே நெடுங்காலம் கவனிக்கப்படாதிருந்தது. காலுக்குப் பதிலாள் இல்லை. ஒரு காலைமட்டுங்கொண்டு எவரும் நடத்தல் இயலாது. நடக்க விரும்புபவர் தளர்ந்த காலையும் ஊன்றியே தீரவேண்டும். ஆகவே அக்கால் ஒவ்வொரு நாளும், ஒவ்வோரடியிலும், தான் அறியாமலே பயிற்சி பெறுகின்றது. கைக்குப் பதிலாள் உண்டு. நல்ல கை தேநீர்க் கோப்பையை எடுக்கும், சட்டைப் பொத்தானைப் பூட்டும், கதவைத் திறக்கும். அது செய்யாதவற்றை மனைவியோ மகளோ செய்வர். தளர்ந்த கைக்கு வேலையே இல்லாமற் போகின்றது.

வேலையின்மை ஓர் உறுப்பினை எவ்வளவு தூரம் முடமாக்கும் என்பதை ஆராய்ந்தவர்களின் வரலாறு நீண்டது. 1895ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த மொட், செரிங்டன் என்னும் அறிஞர் இருவர் குரங்குகளிற் பரிசோதனை நடத்தினர். ஒரு கையிலிருந்து முண்ணாணுக்கு உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பு வேர்களை மட்டும் அவர்கள் வெட்டினர். தசைகளை இயக்கும் நரம்புகளுக்கு யாதொரு கேடும் செய்யப்படவில்லை. எனினும் அக்குரங்குகள் அக்கையினை உபயோகிப்பதை அறவே விட்டுவிட்டன. உணர்ச்சியில்லாவிடில் இச்சையோடு கூடிய இயக்கமும் இல்லை என்ற முடிவு இதிலிருந்து பிறந்தது. பல பதின்மங்களாக உடற்றொழிலியலார் இம்முடிவினை ஏற்றிருந்தனர்.

1917ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒக்டன், ஷெப்பர்ட் ஐவரி பிரான்ஸ் ஆகிய இருவரும், மூளையிற் சேதமுண்டாக்கப்பட்டுப் பாரிசவாதமுற்ற குரங்குகளை ஆராய்ந்தனர். நல்ல கையைக் கட்டுப்படுத்தி, வாதமுற்ற உறுப்புகளை வேலைசெய்யத் தூண்டியபோது அவை வியக்கத்தக்க அளவு தேறின. இத்துணைச் சிறந்த கண்டுபிடிப்பு, நோயாளரின் படுக்கையருகே கொண்டுவரப்படாமல் நூலகத் தட்டுகளிலேயே நெடுங்காலம் கிடந்தது.

அதனை வேறொரு வழியால் மீண்டும் கண்டறிந்தவர் எட்வேட் டோப் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர். 1931ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் புரூக்ளினிற் பிறந்த இவர், செரிங்டன் செய்த பரிசோதனையையே சிறிது மாற்றிச் செய்தார். உணர்ச்சி நரம்புகள் வெட்டப்பட்ட கையை விடுத்து, நல்ல கையை அவர் கட்டிவைத்தார். பசியுற்ற குரங்கு, செயலற்றதெனக் கருதப்பட்ட கையினை நீட்டி உணவை எடுத்தது. இரு கைகளினதும் உணர்ச்சி நரம்புகள் வெட்டப்பட்ட குரங்குகளும் இரு கைகளையும் உபயோகித்தன. கை இயங்கும் ஆற்றலை இழக்கவில்லை. குரங்கே அதனை இயக்க முயலாதிருந்தது என்பது தெளிவாயிற்று.

இதற்கு டோப் கூறிய விளக்கம் பின்வருமாறு. நரம்பு வெட்டப்பட்டவுடன் முண்ணாண் சிலகாலம் அதிர்ச்சி நிலையில் இருக்கின்றது. அப்போது குரங்கு கையை அசைக்க முயன்றால் முயற்சி பலிப்பதில்லை. உணவு நழுவுகின்றது, உடல் தடுமாறி விழுகின்றது. நல்ல கையினால் முயன்றாலோ காரியம் கைகூடுகின்றது. தோல்வி ஒரு கையினின்றும் அதனை விலக்குகின்றது. வெற்றி மற்றக் கையினிடம் அதனை ஈர்க்கின்றது. சில வாரங்களின் பின் அதிர்ச்சி நீங்கி, கை அசையும் நிலையை அடைகின்றது. அப்பொழுது குரங்கு அதனைச் சோதித்துப் பார்ப்பதில்லை. இக்கையினால் ஆவதொன்றுமில்லை என்ற பாடத்தை அது முன்னரே கற்று முடித்துவிட்டது. இதனைக் ‘கற்றுக்கொண்ட உபயோகமின்மை’ என டோப் வழங்கினார்.

கற்றது எதுவாயினும் அதனை மறக்கச் செய்யவும் கூடும். ஆனால் அதற்குக் காலம் வேண்டும். நல்ல கையை ஒரு நாள் மட்டும் கட்டி அவிழ்த்தபோது குரங்கு தன் பழைய வழக்கத்துக்கே திரும்பிற்று. ஒரு வாரமோ இரு வாரங்களோ கட்டியிருந்தபோது, கட்டு நீங்கிய பின்னரும் அது மற்றக் கையினை உபயோகித்தது.

பாரிசவாதமுற்ற மனிதனின் நிலையும் இதனை ஒத்ததே. மூளை தாக்குண்ட முதல் வாரங்களில், உண்மையில் மடிந்துபோன பகுதிக்கு அப்பாலும் பல பகுதிகள் செயலிழந்திருக்கும். அக்காலத்தில் அவர் எடுக்கும் முயற்சிகள் தோல்வியுறுகின்றன. சோறு சிந்துகின்றது, கோப்பை கவிழ்கின்றது, அருகிலிருப்போர் ஓடிவந்து உதவுகின்றனர். மூளை ஓரளவு தெளிந்த பின்னரும் அவர் முயல்வதில்லை. நோய் உண்டாக்கிய ஊனம் ஒரு பங்கு. அதன்மேற் பழக்கம் உண்டாக்கிய ஊனம் மற்றொரு பங்கு. 1980ஆம் ஆண்டிலேயே டோப் இக்கருத்தினை எழுத்தில் வெளியிட்டார்.

ஆனால் அடுத்த ஆண்டில் அவருடைய ஆராய்ச்சி தடைப்பட்டது. 1981ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் என்னுமிடத்திலிருந்த அவரது ஆய்வுகூடத்திற் பொலிசார் புகுந்து, அங்கிருந்த 17 குரங்குகளையும் கைப்பற்றினர். விலங்குகளைத் துப்புரவின்றியும் தக்க வைத்தியமின்றியும் வைத்திருந்தாரென அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. முதல் நீதிமன்றம் அவரைச் சில குற்றங்களுக்கு உள்ளாக்கியது. அம்மாநிலச் சட்டம் மத்திய அரசின் பணத்தில் நடைபெறும் ஆராய்ச்சிக்குப் பொருந்தாதெனக் கூறி, 1983ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் எஞ்சியிருந்த தீர்ப்பினை நீக்கியது. ஆராய்ச்சி விலங்குகளின் நலம்பற்றிய அமெரிக்கச் சட்டம் 1985ஆம் ஆண்டிற் கடுமையாக்கப்பட்டமைக்கு இவ்வழக்கும் ஒரு காரணமாயிற்று. இன்று கைப்பயிற்சியினால் நலம்பெறும் ஒவ்வொருவரும் வாயில்லாப் பிராணிகளுக்குக் கடன்பட்டவரே. அப்பிராணிகள் பட்ட துன்பத்தைச் சொல்லாமல் இவ்வரலாற்றைச் சொல்வது முறையன்று.

1986ஆம் ஆண்டில் டோப், அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, மனிதருக்கான சிகிச்சையில் முனைந்தார். அதற்கு முன்னரே, 1981ஆம் ஆண்டில், எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் வுல்ப் என்பவரும் அவருடன் பணியாற்றிய ஒருவரும், நோயாளி ஒருவரின் நல்ல கையைக் கட்டுப்படுத்திப் பயன் கண்டிருந்தனர். 1993ஆம் ஆண்டில் டோப்பும் அவர் குழுவினரும் ஒரு சிறு பரிசோதனையின் பெறுபேற்றை வெளியிட்டனர். நோயுற்று ஓராண்டுக்கு மேலாகிய ஒன்பதுபேர் அதிற் பங்குபற்றினர். அவர்களுள் நால்வர் பயிற்சி பெற்றனர். ஐவர் ஒப்பிடுதற்பொருட்டு வேறாக வைக்கப்பட்டனர். ஓராண்டு கழிந்தபின் கை தேறாதென்பதே அந்நாளைய வைத்திய உலகின் பொதுக் கருத்து. ஆயினும் பயிற்சி பெற்ற நால்வரும் தெளிவான முன்னேற்றம் அடைந்தனர். இரண்டாண்டுகளின் பின்னரும் அது நிலைத்திருந்தது.

இச்சிகிச்சை மூன்று உறுப்புகளையுடையது. முதலாவது, நல்ல கைக்குத் தடை. பஞ்சு வைத்துத் தைத்த தடித்த கையுறையொன்று நல்ல கைக்கு இடப்படும். அக்கை எப்பொருளையும் பற்ற இயலாது. ஆனால் உடல் தடுமாறினால் ஊன்றிக்கொள்ள இயலும். விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு, இரு வாரங்களுக்கு, அதனை அணிந்திருத்தல் வேண்டும். நீராடும்போதும், உறங்கும்போதும், விழுந்துவிடும் அபாயம் உள்ளபோதும் அது கழற்றப்படும்.

இரண்டாவது, பயிற்சி. வார நாள்களில் நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம்வரை, இயன்மருத்துவரின் மேற்பார்வையில் தளர்ந்த கை வேலை செய்கின்றது. மரக்கட்டைகளை எடுத்து அடுக்குதல், சிறு காய்களைத் தட்டிலிட்டு நகர்த்துதல், உடை மாட்டும் கவ்விகளைத் திறந்து கம்பியிற் பொருத்துதல் போன்ற செயல்கள் தரப்படுகின்றன. ஒரு செயலை எய்தியவுடன் அடுத்தது சற்றுக் கடினமாக்கப்படும். பொருள் சிறிதே தூரத்தில் வைக்கப்படும். அல்லது எடுத்துக்கொள்ளும் நேரம் குறைக்கப்படும். எழுதப் பழகும் பிள்ளைக்கு நல்லாசிரியர் முதற் கோட்டையும் பின் சுழியையும் அதன்பின் எழுத்தையும் கற்பிப்பது போன்ற முறை இது. பயில்பவருக்கு எட்டாத வேலை தரப்படுவதில்லை. எளிதாய் முடியும் வேலையும் தரப்படுவதில்லை. சிறு முன்னேற்றம் ஒவ்வொன்றும் அளந்து குறிக்கப்பட்டு அவருக்கே காட்டப்படுகின்றது.

மூன்றாவது, கற்றதை வீட்டுக்குக் கொண்டு செல்லும் ஒழுங்கு. எவ்வெவ்வேலையை எக்கையினாற் செய்வதென ஓர் உடன்படிக்கை எழுதி, நோயாளி கையொப்பமிடுகின்றார். மின்விளக்கின் ஆளியை அழுத்தினாரா, இழுப்பறையைத் திறந்தாரா, பல் துலக்கினாரா என்று நாள்தோறும் வினவப்படும். செய்யவில்லையெனின் ஏன் இயலவில்லை, எவ்வாறு செய்யலாம் என்று ஆராயப்படும். பார்வைக்குக் கையுறையே இச்சிகிச்சையின் உயிர்நாடியெனத் தோன்றும். ஆனால் அதனினும் இம்மூன்றாம் உறுப்பே பெரிதென்று டோப்பின் குழுவினர் பின்னாளில் வற்புறுத்தினர். சிகிச்சைக் கூடத்தில் வேலை செய்யும் கை வீட்டில் மீண்டும் ஓய்வெடுத்தால் உழைப்பு வீணாகும்.

இம்முறையினை ஐக்கிய அமெரிக்காவில் ஏழு நிலையங்கள் சேர்ந்து பரீட்சித்தன. வுல்ப் தலைமையில் நடைபெற்ற அப்பரீட்சையின் முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோயுற்று மூன்று முதல் ஒன்பது மாதங்களான 222 பேர் அதிற் பங்குபற்றினர். பயிற்சி பெற்றோர், குறித்த கைச் செயல்களைச் செய்ய ஆரம்பத்திற் சராசரியாக 19.3 செக்கன் எடுத்தனர். ஓராண்டின் பின் 9.3 செக்கனே எடுத்தனர். வழக்கமான பராமரிப்பை மட்டும் பெற்றோரின் நேரம் 24.0 செக்கனிலிருந்து 17.7 செக்கனாகக் குறைந்தது. இரு சாராரும் முன்னேறினர். பயிற்சி பெற்றோரின் முன்னேற்றமே பெரிது.

மடிந்த மூளைப் பகுதி மீண்டும் உயிர்பெறுவதில்லை. அவ்வாறாயின் கை எவ்வாறு தேறுகின்றது? அருகிலுள்ள பகுதிகள் அதன் தொழிலை ஏற்கின்றன என்பதே விடை. ரண்டொல்ப் நூடோ என்பவரும் அவர் குழுவினரும் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு காட்டுகின்றது. குரங்கின் மூளையிற் கைக்குரிய பரப்பில் ஒரு சிறு பகுதி சேதமுற்றபின் பயிற்சியளிக்காது விட்டபோது, சேதமுறாத அயற் பரப்பும் கைக்கு உரிமையற்றதாய்ச் சுருங்கிற்று. பயிற்சியளித்தபோது அப்பரப்பு காக்கப்பட்டது; சிலவற்றில் முழங்கைக்கும் தோளுக்கும் உரியதாயிருந்த பகுதிகளிலும் அது பரந்தது. 2000ஆம் ஆண்டில் மனிதர் 13 பேரிடம், தலைக்கு வெளியிலிருந்து காந்தத் தூண்டல் செய்து மூளையை ஆராய்ந்தபோது, சிகிச்சையின் முன் சுருங்கியிருந்த கைப்பரப்பு சிகிச்சையின் பின் பெரிதாகியிருந்தது. உழாத வயலை அயற் புதர்கள் மூடுவது போலவே, உபயோகியாத கையின் இடத்தை மூளை பிறவற்றுக்குக் கொடுத்துவிடுகின்றது.

இச்சிகிச்சைக்கு எல்லைகளும் உண்டு. அவற்றை அறியாது கையாளுதல் தீமை பயக்கும். கையிற் சிறிதளவாவது இயக்கம் எஞ்சியிருத்தல் வேண்டும். மேற்கூறிய 2006ஆம் ஆண்டுப் பரீட்சையில், மணிக்கட்டையும் பெருவிரலையும் வேறிரு விரல்களையும் குறைந்தது பத்துப் பாகையாவது அசைக்க வல்லவர்களே சேர்க்கப்பட்டனர். நோயுற்ற சின்னாட்களிலேயே கடும் பயிற்சி கொடுத்தலும் தகாது. 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நோய் கண்ட சில நாள்களில் மிகுதியான பயிற்சி பெற்றோர் அளவான பயிற்சி பெற்றோரினும் குறைவாகவே தேறினர். நடையிற் சமநிலையற்றவருக்கும், நல்ல கையால் ஊன்றுகோலைப் பற்றியே நிற்பவருக்கும் கையுறை ஆபத்தாகலாம். ஆகவே வைத்தியரோ இயன்மருத்துவரோ சோதித்துத் தீர்மானித்த பின்னரே தொடங்குதல் வேண்டும். வீட்டார் தாமாகவே நல்ல கையைக் கட்டிவைத்தல் சிகிச்சையன்று; துன்புறுத்தலாகும்.

கை சற்றும் அசையாதவருக்கு வேறு வழிகள் ஆராயப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, தமிழ்நாட்டிற் பிறந்து கலிபோர்னியாவின் சன் டியேகோ நகரிற் பணியாற்றிய வி. எஸ். இராமச்சந்திரன் என்னும் அறிஞரின் கண்ணாடி முறையாகும். இரு கைகளுக்குமிடையே ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை அசைத்து, அதன் விம்பத்தை நோயாளி நோக்குகின்றார். வாதமுற்ற கையே அசைவதாக அவர் கண்ணுக்குத் தோன்றுகின்றது. 1999ஆம் ஆண்டில் இம்முறை பாரிசவாதமுற்ற ஒன்பதுபேரிடம் பரீட்சிக்கப்பட்டது. பிற்காலத்து ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கியோரும் இதனாற் பயனுண்டெனக் கண்டுள்ளனர்.

நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் ஒரு நோயாளியின் அருகே இயன்மருத்துவர் இருப்பது எந்நாட்டிலும் எளிதன்று. இதனாற் பயிற்சி நேரத்தைக் குறைத்துப் பல வாரங்களுக்கு நீட்டும் முறைகளும் தோன்றின. ஜேர்மனியில் 156 நோயாளர் பங்குபற்றி 2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், குடும்பத்தில் ஒருவரே பயிற்றுநராகப் பழக்கப்பட்டு, நான்கு வாரம் வீட்டிலேயே பயிற்சி நடைபெற்றது. செயல்களை முடிக்கும் விரைவில் இம்முறை வழக்கமான சிகிச்சையினும் மேம்படவில்லை. ஆனால் நாளாந்த வாழ்விற் கையை எவ்வளவு நன்றாக உபயோகிக்கின்றனரென்பதில் வீட்டுப் பயிற்சி பெற்றோரே கூடுதலாக முன்னேறினர்.

வீட்டாரின் பங்கு இதனால் விளங்கும். சேவகம் செய்தலே அன்பென்று கருதுபவர்கள், நோயாளியின் கை கோப்பையை நோக்கி நீளுமுன்னரே அதனை எடுத்து வாயருகே கொடுத்துவிடுகின்றனர். அவரை எழுப்பும்போது தளர்ந்த கையைப் பற்றியே இழுக்கின்றனர். பிந்தியது தோள்மூட்டுக்கு நேரான கேடு. முந்தியதன் கேடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் அது, ‘இந்தக் கையினால் ஆவதொன்றுமில்லை’ என்ற பாடத்தையே நோயாளிக்கு மீண்டும் புகட்டுகின்றது. வைத்தியர் அனுமதித்த அளவில், தளர்ந்த கை தொடங்கிய வேலையை அதுவே முடிக்கும்வரை காத்திருத்தல் வேண்டும். ஒரு பொத்தானைப் பூட்ட ஐந்து நிமிடம் சென்றாலும் செல்லட்டும். சோறு பிசையும்போது சிறிது சிந்தினாலும் சிந்தட்டும். பொத்தானைப் பூட்டிவிடுவதற்கு ஒரு கணம் போதும்; அது பூட்டப்படும்வரை கைகட்டி அருகிலிருப்பதற்கே பொறுமை வேண்டும். நோயாளிக்கு வீட்டார் செய்யத்தக்க உதவிகளுள் அதனினும் அரியது வேறில்லை.